பாதியில் நின்றுவிட்டீர்களே

அலுவலகத்தில் அவனுக்குத் தூண்டில் என்று பெயர். வலைப்பக்கத்துக்கு வந்து எதுவும் வாங்காமல் நழுவியவர்களை விளம்பரம் போட்டுத் திரும்ப இழுத்துவருவதுதான் அவன் வேலை. அதில் ஆள் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலை அவனுடைய கைபேசி சார்ஜ் இல்லாமல் கிடந்தது. மழை வருமா என்று பார்க்க, வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்ட பழைய மடிக்கணினியைத் திறந்தான். செய்திப் பக்கத்தின் ஓரத்தில், வெளிர்நீலக் கட்டத்துக்குள் ஒரு வரி மின்னியது: "பாதியில் நின்றுவிட்டீர்களே! வாருங்கள், முடித்துவிடலாம்."

அட, நம்ம சரக்கு என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பரிசோதனை மையத்துக்காக அவனே உட்கார்ந்து எழுதிய வரி அது. சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று உறைத்தது. அந்த விளம்பரம் கண்டவர் கண்ணிலெல்லாம் படாது. மார்பகக் கட்டிப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யப் போய், பாதியில் மூடிவிட்டவர்களுக்கு மட்டுமே வரும். அப்படித்தான் அவன் அமைத்திருந்தான். அவன் அந்தப் பக்கத்தை இந்தக் கணினியில் திறந்ததே இல்லை. வீட்டில் இருப்பது அவனும் அக்காவும்தான்.

இதை அமைத்த அன்று, பக்கத்து இருக்கைப் பெண் கேட்டிருந்தாள், "இது அவங்க வீட்ல வேற யார் கண்ணுலயாவது பட்டா?" அவன் மேதாவி போலச் சிரித்தான். "குக்கீயை வெச்சுத்தான் இது வரும். குக்கீன்னா அந்தப் பக்கம் நம்ம மெஷின்ல விட்டுட்டுப் போற சின்ன அடையாளம், அவ்வளவுதான். அதுக்குப் பேரும் தெரியாது, முகமும் தெரியாது." உண்மைதான். பேர் தெரியாத அந்தச் சனியன் வீட்டுக்கு வழி மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். பயந்து நடுங்கி வருகிறவர்களையெல்லாம் அதட்டி உருட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். அவனைவிட ரொம்ப மூத்தவள். தலைவலி என்றால்கூட அவனிடம் சொல்லமாட்டாள். இதைப் போய்த் தம்பியிடம் எப்படிச் சொல்வாள்? அவனுக்கும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமல் விட்டால், கட்டி என்ன காத்துக்கொண்டா இருக்கும்?

"அக்கா, உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"என்னடா திடீர் அக்கறை? சட்டைக்கு அயர்ன் போடணுமா?"

"இல்ல... லேப்டாப்ல ஒரு விளம்பரம்..." மென்று விழுங்கினான்.

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

"நீயும் பாத்துட்டியா?" என்றாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. "ஒரே தடவைதான்டா திறந்தேன். வலது பக்கமா இடது பக்கமா, எப்போலேர்ந்துன்னு கேட்டுச்சு. கை ஓடல, மூடிட்டேன். அதுலேர்ந்து விடாம தொரத்துது. பாட்டு கேட்டா வருது, செருப்பு பாத்தா வருது. பாதியில நின்னுட்டீங்களேங்குது. அதுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குடா. எனக்கு அந்த வியாதிதான்னு தெரியாமலா இப்படிப் பின்னாலயே வரும்? இனிமே டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகுது?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யோ, அதுக்கு ஒரு எழவும் தெரியாதுக்கா! மூடிட்டுப் போன எல்லாருக்கும் அதே வரிதான்."

"உனக்கு எப்படித் தெரியும்? சும்மா என்னைச் சமாதானப்படுத்தாத."

இங்கே பூசி மெழுக வழியில்லை. சொல்லாவிட்டால் அவள் நம்பமாட்டாள். நம்பாவிட்டால் பரிசோதனைக்குப் போகமாட்டாள்.

"அதை எழுதினதே நான்தான். யாருக்கு வரணும்னு வெச்சதும் நான்தான்."

அவள் திரும்பினாள். வெங்காயத்தாலோ எதனாலோ கண் கலங்கியிருந்தது.

"நீயா?" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ எனக்கு அது இல்லேங்கிறியா?"

"தெரியாதுங்கிறேன். எனக்கும் தெரியாது, அந்த மெஷினுக்கும் தெரியாது. டாக்டர் பாத்தாத்தான் தெரியும்."

அவள் நறுக்கிய வெங்காயத்தைக் கத்தியால் ஓரமாகத் தள்ளினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உன்கிட்ட சொல்லணுமா வேணாமான்னு நான்தான்டா முடிவு பண்ணியிருக்கணும்," என்றாள் கடைசியில். குரலில் கோபத்தைவிட வெட்கமே அதிகம். அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். அந்த மையத்தின் பேச்சையே எடுக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு பெண் மருத்துவரை அழைத்தாள். மறுமுனையில் என்ன பிரச்சினை என்று கேட்டிருக்க வேண்டும். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அவனைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"நீ கொஞ்சம் வெளிய போடா."

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். அப்போதும் அவள் குரல் கேட்டது. படியிறங்கித் தெருவுக்குப் போய், எதுவும் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டான்.