குன்வோர் வீட்டில் கட்டிய கப்பல்

"அறுடா கயித்தை! என் வீடு..."

"அறுத்தா கப்பல் மலைக்கு அந்தாண்ட போயிடும்க்கா! ஆயிரத்து எண்ணூறு பேரை யாரு..."

"நீ வெச்சுச் சோறு போடு! என் வீட்டு மூலையில கட்டச் சொல்லி எவன்டா..."

"துறையில கப்பல் கட்டற தூண்ல அடிச்ச பெயின்ட் இன்னும் காயலைன்னு எத்தனை தடவைதான் சொல்றது!"

கப்பல் அப்போது தண்ணீரை விட்டுப் பதினோரு மீட்டர் உயரத்தில் இருந்தது. அதன் கயிற்றைக் கட்டியிருந்த குன்வோரின் வீடு தரையை விட்டு ஒரு சாண்; சன்னலில் அவள், கீழே தம்பி ஐலிஃப். கடலோரச் சிற்றூரான ஸ்குகேவிக்கில் இருபத்திரண்டு நாள் பெய்த மழை அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் நின்றது. வெயிலைக் கண்டதும் உல்லாசக் கப்பலில் வந்தவர்கள் அத்தனை பேரும் கரையிறங்கினார்கள். சமையல்காரர்கள் இறங்கினார்கள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கேப்டனும் இறங்கினார். ஆளில்லாத கப்பல் எழும்பத்தான் செய்யும். மற்ற நாட்களில் கடல் ஒவ்வாமல் படுத்துக் கிடப்பவர்கள் நாற்பது பேராவது உள்ளே இருப்பதால் முழ உயரத்துக்கு மேல் போனதில்லை.

தேவாலய மணி அடித்தது. ஊர்க்காரர்கள் தொண்ணூற்று மூன்று பேரும் வந்து, கூலி பேசாமல், ஏன் என்று கேட்காமல், ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தார்கள். பனிக்காலத்தில் பாதை வெட்டுவதும் அப்படித்தான், கப்பலைப் பிடிப்பதும் அப்படித்தான். குன்வோர் மட்டும் வீட்டைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். வாஃபிள் அப்பத்துக்கு மாவு கரைத்தாயிற்று, கல் காய்ந்தாயிற்று. புல் வேய்ந்த கூரையில் அவளுடைய இரண்டு ஆடுகளும் மேய்ந்தபடியே மேலே போயின.

அவளுக்குத் தன் வீட்டின்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஊருக்கு நடுவே ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம் மலைநிழல், அந்தப் பக்கம் வெயில். அப்பா சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வெயில் தம்பி ஐலிஃபுக்கு விழுந்தது. வீடு அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் கேட்டாள். உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன் என்றான். பத்தொன்பது வருடமாக உருளைக்கிழங்குதான் போட்டிருந்தான். அதன்பிறகு ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

வாஃபிள் வாசனை காற்றில் இறங்கியதும், கேப்டன் கூவியபோது திரும்பிக்கூடப் பார்க்காத பயணிகள், கப்பலிலிருந்து வீட்டுச் சன்னலோரமாகத் தொங்கிய கயிற்றேணியில் தொற்றி ஏறினார்கள். சன்னலில் ஆளுக்கு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிச் சீவலோடு ஒரு வாஃபிள். வீட்டுக்குள் நிற்க இடமில்லாததால் தின்றுகொண்டே அப்படியே மேலே கப்பலுக்கு. ஆள் ஏற ஏறக் கப்பல் தாழ்ந்தது. மூன்று மணிக்கு வீடு தன் பழைய அஸ்திவாரத்துக்கு நேர் மேலே, ஒரு முழம் உயரத்தில் நின்றது. ஏணியில் இன்னும் பதினோரு பேர்.

"போதும்க்கா! அந்தப் பதினொண்ணையும் குடுத்து மேல அனுப்பு, எறங்கிடும்!" என்று கத்தினான் ஐலிஃப்.

"மாவு வேகலை," என்றாள் குன்வோர்.

"எப்பத்தான் வேகும்?"

"வேகறப்ப வேகும். நீ கயித்தைப் பிடி, வாயைத் தொறக்காதே!"

நான்கு மணிக்குக் கடற்காற்று ஓடைக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி வீசும் என்பது ஸ்குகேவிக்கில் பிறந்த ஆடுகளுக்கும் தெரியும். காற்று வந்தது. தொண்ணூற்று மூன்று பேரையும் கயிற்றோடு இழுத்துக்கொண்டு கப்பலும் வீடும் ஓடையைத் தாண்டின. குன்வோர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒரே மூச்சில் பதினோரு வாஃபிளையும் நீட்டினாள். கப்பல் தண்ணீரில் உட்கார்ந்தது. வீடு உருளைக்கிழங்கின்மேல், சன்னல் தெற்குப் பார்க்க, அலுங்காமல் உட்கார்ந்தது.

மறுவாரம் நில அளவைக்காரர் வந்து அளந்தார், வீடு இடம் மாறிய காரணம் என்ற இடத்தில் 'கப்பல்' என்று எழுதினார், போய்விட்டார். அதற்குப் பின்வந்த கோடைகளில் தூணுக்கு ஏப்ரலிலேயே பெயின்ட் அடித்தார்கள். ஆடுகளுக்கு மேனி மினுமினுத்தது.

கப்பல் இறங்கிய அன்று மாலையோ, ஐலிஃப் சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றான். திட்டுவதற்குத்தான் வந்தான். காபி ஊற்றினாள், உட்கார்ந்தான். தட்டில் ஒரே ஒரு வாஃபிள் மிச்சம். கடைசித் துண்டை எடுப்பது அந்த ஊரில் யாருக்கும் வழக்கமில்லை. அவன் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தான். அவள் மிச்சத்தில் பாதியை எடுத்தாள். அவன் அதில் பாதி, அவள் அதிலும் பாதி. நகத்தளவு ஆயிற்று. மேசைமேல் வெயில் விழுந்திருந்தது.

"எடுத்துக்கடா," என்றாள் குன்வோர். "உன் நிலத்துலதானே இருக்கு."