பின்னால் விரியும் பெட்டிகள்

முஹ்ஸினாவைக் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை காலையில் கீழப்பாவூரில் பஸ் ஏறினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையில் ஒரு நோட்டு, அதில் நான் வரைந்த ஐம்பது பெட்டிகள். ஐம்பதும் தப்பு என்று முந்தின நாள் சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸப்பில் பதில் வந்திருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பரீட்சை.

அரசாங்கம் நடத்தும் ஓவியப் பரீட்சை அது. மற்றத் தாள்களையெல்லாம் போன வருஷமே முடித்துவிட்டேன். ஒரு தாள் மட்டும் பாக்கி. மேஜைமேல் ஒரு பெட்டியையும் பானையையும் வைத்துவிடுவார்கள். ஸ்கேலைத் தொடாமல், கண்ணால் பார்த்துக் கையால் வரைய வேண்டும். அதில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். இலத்தூரில் பள்ளிக்கூடம் நடத்தும் சிவசைலம் அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர். அங்கே டிராயிங் டீச்சர் வேலையை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். “இந்தத் தடவ பாஸாயிட்டு வா தாயி. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த வேலை இல்லையென்றால் எனக்குப் பீடித்தட்டுதான். ஒன்பது வயதில் மடியில் ஏறிய தட்டு, முப்பத்தொன்று ஆகியும் இறங்கவில்லை. சோற்றில் புகையிலை வாடை, தலையணையில் புகையிலை வாடை. இருமல் வந்தால் அரை மணி நேரம் நிற்காது. என் வீட்டுக்காரர் பெயர் மகாராஜா, பட்டாளத்தில் இருக்கிறார். போனில், “பாஸானா பாப்போம், இல்லன்னா விட்டுருட்டி. எதுக்குக் கெடந்து மல்லுக்கட்டுத?” என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து கிடப்பவள் நானா அவரா?

முஹ்ஸினா வடகரைப் பெண். இருபத்து மூன்று வயது. கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்து, எங்களைப் போல முதலிலிருந்து பழகுகிறவர்களுக்குச் சும்மாவே திருத்திக் கொடுக்கிறாள். வாரம் ஒரு பக்கம் நேர்கோடு, ஐம்பது பெட்டி. வெள்ளிக்கிழமை போட்டோ எடுத்துப் போட்டால், போட்டோ மேலேயே சிவப்பில் கோடு இழுத்து அனுப்புவாள். குரூப்பில் நாற்பது பேர். ஒருத்தருக்கு ‘சூப்பர்’, இன்னொருத்தருக்குக் கைதட்டும் பொம்மை. எனக்கு நான்கு மாதமாக ஒரே பதில்: “கோடு வளையுது, தோள்லருந்து இழுங்க. பெட்டி பின்னால விரியுது, ஒடுங்கணும்.”

பின்னால் ஒடுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? பாவூர்சத்திரம் ரோட்டில் நின்று பார்த்தால் ரோடு தூரத்தில் ஒடுங்கித்தான் போகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. பீடி சுற்றுவதற்கு நடுவில், அதே தட்டின்மேல் நோட்டை வைத்து ஆயிரம் பெட்டிக்குக் குறையாமல் போட்டிருப்பேன். கடைசி வாரமும் ஓர் எழுத்து மாறாமல் அதே பதில் வந்தபோது, இவள் என் தாளைத் திறந்தே பார்ப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அருவியில் தண்ணீர் விழும் சீசன் சமயத்தில் அவள் ஐந்தருவிப் பக்கம் அண்ணன் போட்டிருக்கும் பழக்கடையில் நிற்பாள் என்று குரூப்பில் பேசிக்கொண்டது நினைவிருந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. துண்டோடு போகிற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, கடை கடையாகக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஒல்லியாக ஒரு பெண் ரம்புட்டானை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

“நீதான முஹ்ஸினா? நாந்தான் கீழப்பாவூர் முத்துச்செல்வி. அம்பது பெட்டி!”

அவள் சிரித்துக்கொண்டு, “வாங்கக்கா” என்றாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நோட்டைப் பழத்தின் மேலேயே வீசினேன்.

“ஒனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? நாலு மாசமா ஒரே பாட்டு. எல்லாருக்கும் சூப்பர், எனக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்த வராதா? நாளைக்குப் பரீட்ச. இதுவும் போச்சுன்னா நான் செத்தேன், தெரியுமா?”

அடிக்க வந்தவள் அழுதுவிட்டேன். பழம் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

முஹ்ஸினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நோட்டை எடுத்துத் துப்பட்டாவால் ஈரத்தைத் துடைத்தாள்.

“நல்லாருக்குன்னு நான் பொய் சொல்லிட்டா, நாளைக்கு அங்கன ஒங்களுக்கு யாரு பாஸ் போடுவா, அக்கா?”

வெள்ளைப் பக்கமாகப் பார்த்துப் பிரித்து நோட்டை என் கையில் கொடுத்தாள்.

“இங்கன ஒண்ணு போடுங்க. நான் பாக்கேன்.”

காலிப் பழப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். நோட்டை மடியில் வைத்து ஒரு பெட்டி வரைந்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். திடீரென்று குனிந்து, என் வலது கைக்கும் விலாவுக்கும் நடுவில் தன் கையை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

“அக்கா, நீங்க என்ன வேல பாக்கிய?”

“பீடி சுத்துதேன். வேற என்ன செய்ய?”

“கை ஏன் இப்பிடி ஒட்டிக் கெடக்கு?”

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. எங்கம்மா எனக்குப் பீடி பழக்கும்போது கம்கட்டில் தீப்பெட்டி ஒன்றைச் சொருகிவிடுவாள். கை அகன்றால் வேலை ஓடாது, விரல் மட்டும்தான் ஆட வேண்டும். தீப்பெட்டி கீழே விழுந்தால் முதுகில் ஒன்று விழும். ஒரு வருஷத்தில் தீப்பெட்டி தேவைப்படாமல் போயிற்று. அதைச் சொன்னேன். முஹ்ஸினா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“தோள்லருந்து இழுங்கன்னு சொன்னேனே, என்னன்னு நெனச்சிய?”

“தோள நிமித்தி உக்காரச் சொல்லுதன்னு நெனச்சேன்.”

நான்கு மாதம் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு கோடு இழுத்திருக்கிறேன். அவள் சொன்னது தோளிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும் என்று; முழங்கை அசையாமல் இழுத்தால் கோடு வளையாமல் என்ன செய்யும்? அடுத்து அவள் என் மடியிலிருந்த நோட்டைத் தூக்கி, என் கண்ணுக்கு நேரே நிறுத்திக் காட்டினாள். மடியில் சரியாகத் தெரிந்த பெட்டி, நேரே நின்றதும் மேல்பக்கம் அகலமாகப் பல்லை இளித்தது. சாய்ந்து கிடக்கும் தாளில் தூரத்து ஓரம் எனக்குச் சிறிதாகத் தெரிய, அதைச் சரிக்கட்ட நானே பெரிதாக்கியிருக்கிறேன். போட்டோவில் தாள் நேரே நிற்பதால் அவளுக்கு அந்த விரிவு தெரிந்திருக்கிறது.

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்க என்ன?” என்று கத்தினேன்.

“நீங்க பெட்டியத்தான அனுப்புனிய? ஒங்கள அனுப்பலியே. நானும் கேக்கல, தப்புதான்” என்றாள்.

கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, மூங்கிலில் நிமிர்த்திக் கட்டினாள். மார்க்கரைக் கையில் கொடுத்து, நின்றுகொண்டு கோடு போடச் சொன்னாள். கையைத் தூக்கியதும் முழங்கை விலாவுக்கே திரும்பப் பார்த்தது. கோடு போதையில் நடப்பவனைப் போலத் தள்ளாடியது. அண்ணன்காரன், “யாவாரத்தப் பாக்கியா, பள்ளிக்கூடம் நடத்துதியா?” என்று ஏசினான். அவள் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் தாண்டி ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராகப் போயிற்று. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தை ஒரு பகலில் எப்படி உதறுவது?

மறுநாள் தென்காசியில் பரீட்சை. ஹாலில் கொண்டுபோய்த் தாழ்வான பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முன்னால் மேஜையில் பெட்டி, பானை. உட்கார்ந்த மறுகணம் கை விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது. முதல் கோடு வளைந்தது. அழித்தேன். கையை வலுக்கட்டாயமாகப் பிரித்து இன்னொன்று போட்டேன். பாதியில் கை தானாக உள்ளே வந்துவிட்டது, அதுவும் வளைந்தது. அழித்து அழித்துத் தாள் பிசிறடித்துப் போய்விட்டது. அரை மணி நேரம் போய்விட்டது. எழுந்து நின்றுவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்தார். “என்னம்மா, உக்காரு.”

“உக்காந்தா வராது சார். நின்னுக்கிட்டு வரையுதேன்.”

“அப்பிடியெல்லாம் ரூல் கெடையாது. உக்காரு.”

“ஒம்பது வயசுலருந்து உக்காந்துதான் சார் இருக்கேன்!”

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஹாலே திரும்பிப் பார்த்தது. வெளியே போ என்று சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் தாளைப் பார்த்தார், புகையிலைக் கறை ஏறிய என் கையைப் பார்த்தார்.

“பின்னால சுவத்துப் பக்கம் போயி நில்லு. யாருக்கும் மறைக்கப்பிடாது.”

தாளை எடுத்துக்கொண்டு கடைசிச் சுவருக்குப் போனேன். தாளைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, இடது கையால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்ப்பதும், திரும்பி வரைவதுமாக முதலிலிருந்து ஆரம்பித்தேன். தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. பாஸா பெயிலா, தெரியாது. மணி அடிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.