டிரையல் ரூமில் ஒரு தலையணை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் பேண்ட். நீளம் குறைக்கக் கொடுத்திருந்தேன். போட்டுப் பார்க்கத் திரையை விலக்கினால் டிரையல் ரூமுக்குள் சுருட்டிய பாய், தலையணை, பல் தேய்க்கும் பிரஷ். ஐம்பதைத் தாண்டிய தையற்காரர் எல்லாவற்றையும் அவசரமாக ஓரங்கட்டினார்.

"கொஞ்ச நாளா இங்கதான் சார்."

2

முதல் வரைவு: 'இறந்தவரின் ஈவிரக்கமில்லாத தம்பி, தையற்காரரைக் கழுத்தைப் பிடித்து வெளியே...'

(நிறுத்திவிட்டேன். யாரும் தள்ளவில்லையாம். எனக்கு வில்லன் வாய்க்கவில்லை.)

3

நடந்தது இதுதான். அவரும் ஒரு பஸ் ஓட்டுநரும் ஓட்டுநரின் வீட்டில் பல வருடம் தம்பதியாக ('நண்பர்களாக' என்று மாற்றினேன், வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்) வாழ்ந்தார்கள். வெளியே மூச்சுவிட்டதில்லை. சொந்தக்காரர்கள் வருவதாகத் தெரிந்தால் போதும், தையற்காரர் தன் சட்டை, செருப்பு, ஷேவிங் செட் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். அவர்கள் கிளம்பியதும் ஓட்டுநர் போன் செய்து கூப்பிடுவார். அந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதற்கு ஒரு சீப்புகூட மிஞ்சாது.

ஓட்டுநர் மாரடைப்பில் போன அன்று, அவருடைய தம்பி வந்துகொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தையற்காரரின் கை தன்பாட்டுக்குப் பையை எடுத்தது. படியில் தம்பி எதிர்ப்பட்டார்.

"நீங்க யாரு?"

"டெய்லருங்க. துணி குடுக்க வந்தேன்."

இந்த முறை திரும்பக் கூப்பிட ஆளில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. கதைக்கு அது தேவையில்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

4

"இப்பவாவது போய்ச் சொல்லலாமே?" என்றேன்.

"அன்னிக்கே சொல்லாதவன் இப்ப சொன்னா, வீட்டுக்கு அடிபோடுறான்னுதான் சார் நினைப்பாங்க."

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், குடும்பம் எங்கே என்று கேட்கிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுகிறார்.

5

மனசு கேட்காமல் ஒரு முடிவு எழுதினேன். வீட்டுக்கார அம்மா ஒருவர் கதவைத் திறக்கிறார்.

"குடும்பம்?"

"இருந்தாருங்க. போயிட்டாரு."

அந்த அம்மா வழிவிட்டு விலகி நிற்கிறார். "மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. உள்ள வாங்க."

பெருமையோடு கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார். பிறகு, துளியும் கிண்டலில்லாமல் கேட்டார்:

"அந்தம்மா வீடு எந்தத் தெரு சார்?"

இதை வாசிக்கிற உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.