மருமகன் கொடுத்த ரீல்

என் கணவர் சுலைமாலெப்பைக்குக் கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை. துருவேறிய ஆணியைக்கூட "மழையில போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்று கண் இமைக்காமல் விற்பார். மீன் விஷயத்தில் மட்டும் அவர் வாயில் பொய் வராது. சாண் நீள மீனைச் சாண் நீளம் என்றுதான் சொல்வார். ஒன்றும் அகப்படாவிட்டால், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இண்டைக்கி ஒண்டும் இல்ல" என்று தெருவெல்லாம் அறிவித்துக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். இந்த நேர்மையில் கால்வாசியைக் கடையில் வைத்திருக்கலாம் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அவருடைய தூண்டிலில் நூல் சுற்றுகிற ஒரு மர ரீல் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. பித்தளை முதுகு வைத்த மரச் சக்கரம். தட்டிவிட்டால் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு அதற்கு எண்ணெய் போடுவார். அந்தப் பரிவோடு என் தலைவலியை ஒரு நாள் விசாரித்திருந்தால் நான் எவ்வளவோ சந்தோஷப்பட்டிருப்பேன்.

முப்பத்தேழாம் ஆண்டு, மகாவலியில் தண்ணீர் குறைந்திருந்த பங்குனி மாதத்தில், எங்கள் மகள் ஹபீலாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சாலிஹீன் பிலிமத்தலாவைப் பிடவைக்கடைக்காரர். நிக்காஹ் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே மாமனாருக்கு ஓர் அன்பளிப்பை நீட்டினார். கண்டியில் துரைமார் சாமான் வாங்கும் கடையில் வாங்கிய புது ரீல். கறுப்பு இரும்பில், பளபளவென்று இருந்தது.

"மாமா, இதில சக்கரம் சுத்தாது. நூல் மட்டும் உருவிக்கிட்டுப் போகும். அக்கரைக்கே எறியலாம்" என்றார் மாப்பிள்ளை. கூட வந்த அச்சுத்தாளையும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார்.

என் கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "மெத்தப் பெரிய சந்தோஷம்" என்றார். அடுப்படிக்கு வந்ததும் என்னிடம் பல்லைக் கடித்தார். "சுத்தாத சக்கரம் என்ன சக்கரம்? அக்கரையில எனக்கென்ன வேல?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் வீட்டில் விருந்து. புது மாப்பிள்ளையோடு பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில், தன் கையால் பிடித்த ஆற்று மீனை முழுசாகப் பொரித்து வைப்பேன் என்று என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்த மீனை எந்த ரீலில் பிடிப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை.

"பழையதில புடிச்சா மருமகன்ட மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டேன்.

"புதியதில மீனே வராட்டி?"

"அதெல்லாம் வரும்."

அவர் பழையதைத்தான் கொண்டுபோவார் என்று எனக்குத் தெரியும். எனவே அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மர ரீலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா முஹைதீன் எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர். சபையில் அவர் கேட்டு, மருமகன் தந்த சாமானைத் தொடவேயில்லை என்று தெரிந்தால், என் மகள் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சுபஹு தொழுத கையோடு மாமனாரும் மருமகனும் ஆற்றுக்குப் போனார்கள். ரொட்டிக்குப் பிசைந்த மாவில் பாதியைக் கெண்டைக்கு இரை என்று கிள்ளிக்கொண்டு போய்விட்டார் என் கணவர். அவர்கள் திரும்பி வந்தபோது என் கை நீளத்துக்கு ஒரு கெண்டை! செதில் ஒவ்வொன்றும் ரூபாய்க் காசு அகலம் இருந்தது. மருமகன் கழுத்துவரை நனைந்திருந்தார். கேட்டதற்கு, "கால் வழுக்கிட்டு மாமி" என்று சிரித்தார். வலது கையில் லேஞ்சிக் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். புது மாப்பிள்ளைமாரின் நாகரிகம் இதுவாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் மீனுக்கு மஞ்சள் தடவப் போய்விட்டேன்.

பகல் வீடு நிறைந்துவிட்டது. ஆண்கள் முன்னறையில் சஹன்களைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தார்கள். நடுச் சஹனில் நெய்ச்சோற்றின் மேல் கெண்டை படுத்திருந்தது. அதைச் சுற்றி மருமகன், என் கணவர், முஹைதீன், இன்னும் சிலர். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நானும் ஹபீலாவும் மாப்பிள்ளையின் உம்மா கைரியாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிஸ்மில்லா சொல்லி எல்லோரும் சோற்றில் கை வைத்தார்கள். மருமகன் வைக்கவில்லை. லேஞ்சியை அவிழ்த்து, விரல் நுனியால் ஒரு பருக்கையைத் தொட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

உப்புக் கூடிவிட்டதா? மீன் பிடிக்கவில்லையா? சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஹபீலாவோ கண்ணீர் முட்ட நின்றாள். விருந்தில் மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்தார் என்று பிலிமத்தலாவைவரை பேச்சுப் போய்விடுமே!

அந்த நேரம் பார்த்து முஹைதீன் தொண்டையைச் செருமினார். "லெப்பை, நல்ல மீன். எந்த ரீல்ல நீங்க புடிச்ச? மருமகன் தந்ததிலயா, உங்கட மரச் சக்கரத்திலயா?"

எனக்கு உயிர் வந்தது. இந்தக் கேள்விக்காகத்தானே நான் அலுமாரியைப் பூட்டினேன்! 'புதியதில' என்று ஒரே ஒரு சொல். மருமகனின் முகம் மலர்ந்துவிடும். சொல்லுங்களேன் மனுசரே என்று திரைக்குப் பின்னால் நின்று மனசுக்குள் கத்தினேன்.

என் கணவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"கேட்டாச்சி. மீனப் பத்தி எனக்குப் பொய் சொல்ல ஏலாது" என்றார் என் கணவர். "ரெண்டு ரீல்லயும் புடிக்கல்ல."

அந்த நிமிஷம் அந்த மனிதரைக் கெண்டையோடு சேர்த்துப் பொரித்திருப்பேன்.

"நான் புதியதிலதான் எறிஞ்ச. சும்மா சொல்லக்கூடாது, நான் ஒரு நாளும் எட்டாத கல்லுக்கிட்டப் போய் விழுந்தது. இவர் வந்து கொத்தினார்." மீனைக் காட்டினார். "எனக்கு அந்த ரீலச் சுத்தத் தெரியல்ல. நூல் சிக்கி, முடிச்சு விழுந்து, புடி அசையல்ல. மீன் இழுக்குது, கம்பு வளையுது. நான் கத்தின. மருமகன் உடுப்போட ஆத்தில பாஞ்சி, நூலக் கையில சுத்திக்கிட்டு, மீனோட கரைக்கு நடந்து வந்தார். பட்டு நூல் உள்ளங்கைய அறுத்துட்டு. தந்த ரீலுக்குக் கெட்ட பேர் வந்துரும், வீட்டில சொல்லவேணாம் எண்டு கெஞ்சினார். நானும் சரியெண்ட. இப்ப இந்தக் காரமும் உப்பும் பட்டா அந்தக் கை என்னத்துக்காகும்?"

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். "மாமா, நான் ஒரு நாளும் தூண்டில் புடிச்சதில்ல. கடைக்காரர் சொன்னதத்தான் நானும் சொன்ன. உங்களுக்கு மீனெண்டா விருப்பமெண்டு உங்கட மகன், ஹபீலாட நாநா சொன்னார். அதுதான்."

திரைக்கு இந்தப் பக்கம் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ட மகன் ஆத்தில எறங்கினானா? தண்ணியெண்டா அவனுக்கு அவ்வளவு பயம், சம்மந்தி. கெணத்தடியில நாங்கதான் வாளியால மொண்டு ஊத்துவோம்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஹபீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குக் காலையிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது. கள்ளி!

முன்னறையில் என் கணவர் மீனைப் பிட்டு, முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து உருட்டினார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் ஊட்டி நான் கண்டதில்லை.

"வாயத் தொறங்க மருமகன்."

புது மாப்பிள்ளை சபை நடுவே, காதெல்லாம் சிவந்துபோய், வாயைத் திறந்தார். முஹைதீன் சிரித்த சிரிப்பில் மற்றச் சஹன்களும் சிரித்தன. பிறகு, "இந்தக் கல்லீரலையும் அவனுக்கே குடுங்க" என்று தன் பங்குக் கோழி ஈரலையும் எடுத்து என் கணவர் பக்கம் தள்ளினார். கடைசிக் கவளம் வரை மருமகனுக்கு மாமனார்தான் ஊட்டினார்.

விருந்தாளிகள் போன பிறகு அலுமாரியைத் திறந்து மர ரீலை எடுத்து, சிக்கல் விழுந்த புது ரீலோடு சேர்த்து என் கணவரின் மடியில் வைத்தேன்.

"எத வேணுமெண்டாலும் கொண்டுபோங்க, நான் ஒண்டும் கேக்கல்ல" என்றேன். "ஆனா எங்கட மருமகன் கரையிலதான் நிப்பார்."