ராசா வராத கோட்டை

குவேக்கர்ஸ் ஹில்லில் நாலு பேர் பங்கு போட்டு இருக்கிற வீட்டின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் அரியரத்தினம் சாய்ந்து கண்ணை மூடிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆசுபத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் பகல் முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்த கை, எழும்ப மாட்டேன் என்றது. ஆனால் அழைப்பது மகள் வினுஷா. இங்கிலாந்தில் இப்போதுதான் காலை. சனிக்கிழமை என்றால் அவள் எடுக்காமல் விடமாட்டாள்.

“அப்பா, நான் இப்ப ஒரு காஸிலில நிக்கிறன். பழைய கோட்டை. சுத்திக் காட்டவோ?”

“ஓம் பிள்ளை, காட்டு.”

கோட்டை என்றதும் அவர் நினைத்தது ஒன்று, போனில் தெரிந்தது வேறொன்று. ஒரு மேடு, நிறையப் புல், இடிந்த சுவர் இரண்டு துண்டு. சுற்றிவர ஒரு பள்ளம். முன்பு அதில் தண்ணீர் நின்றதாம். இதற்கும் டிக்கெட் வைத்து விற்கிறானே வெள்ளைக்காரன், விண்ணன்தான் என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் காட்டினால் அவர் வெறும் புல்லையும் பார்ப்பார்.

அவர் அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர். புறப்பட்டபோது வினுஷாவுக்கு மூன்று வயது. பிறகு மனைவி சுலக்சனா பிள்ளையோடு இங்கிலாந்தில் இருந்த தன் தமையன் சச்சிதானந்தனிடம் போய்ச் சேர்ந்தாள். இவருக்குக் கிடைத்தது பிரிட்ஜிங் விசா. இருக்கலாம், வேலை செய்யலாம், வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வர ஏலாது. அவர்கள் இங்கே வந்து பார்க்க விசா கேட்டதும் சரிவரவில்லை. அடுத்த வருசம் வந்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். தோளுக்கு மேல் என்பதும் ஊகம்தான். பக்கத்தில் நிறுத்திப் பார்க்கக் கிடைத்ததா என்ன?

வினுஷா கோட்டையின் கதை எழுதிய ஒரு போர்டுக்கு முன்னால் நின்றாள்.

“எதிரி ஆக்கள் வந்து இந்தக் கோட்டையைச் சுத்தி வளைச்சிட்டினம் அப்பா. உள்ள சாப்பாடு முடியுது, ராசா எங்கேயோ தூரத்தில. அப்ப ஒரு வழக்கம் இருந்ததாம். உள்ள இருக்கிறவை ராசாவுக்கு ஆள் அனுப்புவினம். இன்ன நாளுக்குள்ள உதவிக்கு வாங்கோ, வராட்டில் கதவைத் திறந்துவிடுவம் எண்டு. அந்த நாள் வரைக்கும் எதிரியும் சண்டை பிடிக்காமல் நிப்பானாம்.”

“ராசா வராட்டில்?”

“திறந்துபோட்டு வெளியில நடந்து போகலாம். ஒருத்தரும் அவையைத் துரோகி எண்டு சொல்லேலாது. ராசாவுக்குச் சொல்லிப்போட்டுத்தானே செய்யினம்.”

அவள் குரல் நடுங்கியது. பிள்ளை சும்மா சரித்திரம் சொல்லவில்லை என்று அரியரத்தினத்துக்குப் பிடிபட்டது.

“விளங்குது பிள்ளை. எனக்கும் களைச்சுப் போச்சு. இனி இஞ்ச கிடந்து பிரயோசனம் இல்லை. திரும்பிப் போறன் எண்டு எழுதிக் குடுத்திட்டு ஊருக்குப் போறன். நீங்கள் அங்க வந்தால் பாக்கலாம்தானே?”

“ஐயோ, ஊருக்குப் போகாதேங்கோ! கோட்டைக்குள்ள இருக்கிறது நீங்கள் இல்லை அப்பா.”

“அப்ப ஆர்?”

“அம்மா.”

வினுஷா அழுதுகொண்டே சொன்னாள்.

“தன்னை விடச் சொல்லி அவ உங்களிட்டக் கேக்க மாட்டா. கேட்டால் மாமா என்ன சொல்லுவாரோ எண்டு பயம். புருசன் வராமல் இருக்கேக்க என்ன சிரிப்பு எண்டு சனம் கேக்குமெண்டு ஒரு கலியாண வீட்டுக்கும் போறேல்லை. அவவோட வேலை செய்யிற ஒருத்தர் அவவைக் கலியாணம் செய்யக் கேட்டவர், நல்லவர் அப்பா. அவருக்கும் ஏலாது எண்டுதான் சொன்னவ. எனக்கு மட்டும்தான் தெரியும். சொரி அப்பா.”

முதலில் கோபம்தான் வந்தது. போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. இத்தனை வருசமும் அடைபட்டுக் கிடப்பது தான் ஒருவன்தான் என்று எண்ணி இருந்துவிட்டதில் வெட்கமாக இருந்தது.

“அந்த ராசா பிறகு என்ன செய்தவராம்?” என்று கேட்டார்.

வினுஷா போர்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அவரைப் பற்றி ஒண்டும் போடேல்லை அப்பா.”

“சரி, அழாதை. நான் மாமாவோட கதைக்கிறன். நீ சொன்னதெண்டு சொல்லமாட்டன்.”

தேத்தண்ணி கூடப் போடாமல் சச்சிதானந்தனுக்கு எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டு, நேரே விசயத்துக்கு வந்தார்.

“எனக்கு இனி அங்கால வர வழி இல்லை மச்சான். சுலக்சனாவை என்ர பேரைச் சொல்லி இருத்தி வைக்காதேங்கோ. அவ தனக்கு விருப்பமான மாதிரி வாழட்டும்.”

சச்சிதானந்தன், “ஏன் இப்ப திடீரெண்டு? அவள் ஏதும் கேட்டவளோ?” என்றார். கேட்ட விதத்தில் சந்தேகம் இருந்தது. இன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டு வைத்து விசாரிப்பார் என்று அரியரத்தினத்துக்குத் தெரியும்.

“சீச்சீ, அவவுக்கு ஒண்டும் தெரியாது.” இவர் ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தார். “எனக்கு இஞ்ச வேற ஒரு ஆள் இருக்கு மச்சான். கனகாலமா.”

சச்சிதானந்தன் வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினார். நன்றி கெட்டவன் என்றார், என் தங்கச்சியின் வாழ்க்கையை நாசமாக்கினவன் என்றார். அரியரத்தினம் போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஆளில்லாத குசினியில் இருந்து முழுவதையும் கேட்டார்.

“ஓம் மச்சான்,” என்றார், “பிழை முழுக்க என்னிலதான்.”