மச்சினன் உட்கார்ந்தால்

நகராட்சி மின்பொறியாளரின் மச்சினன் உட்கார்ந்தால் ஊரின் தெருவிளக்குகள் எல்லாம் அணைந்துவிடும். எழுந்து நடந்தால் எரியும். கொட்டாவி விட்டால் ஒருமுறை மினுக்கும்.

தவறு பொறியாளருடையது. ஆள் நடமாட்டம் பார்த்து எரிந்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் விளக்குகள் வந்திறங்கியபோது, மனித நடை எப்படியிருக்கும் என்று அவற்றுக்குப் பழக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சோபாவே கதியென்று கிடந்த மச்சினனைக் கூட்டிப்போய் நடக்கவிட்டார். மனிதன் என்றால் இவன்தான் என்று விளக்குகள் முடிவு செய்துவிட்டன. மற்றவர்கள் கம்பத்தடியில் குதித்தார்கள், குடையை ஆட்டினார்கள், பலிக்கவில்லை. உணர்கருவிகளைக் கழற்றி அலுவலக மேசையில் கொட்டிய பிறகும் விளக்குகள் மச்சினனுக்கே எரிந்தன. நகராட்சி வேறு வழியின்றி ‘நடப்பவர்’ என்று ஒரு பதவி உண்டாக்கி அவனை அமர்த்தியது. தம்பிக்கு வேலை கிடைத்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் நடக்கத் தொடங்குவான். கால் வலித்துப் படியில் சாய்ந்தால் தெருவிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: “தம்பி, வண்டி நிறுத்தணும், ஒரு எட்டு நடப்பா.”

அவனுக்கு ஒரே குறை. மருந்துக்கடைப் பெண்ணிடம் மனதிலிருப்பதைச் சொல்ல வேண்டும். நாளெல்லாம் நின்ற கால் அவளுக்கு; கடை மூடியதும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிடுவாள். இவன் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தான். அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள்?

“எனக்குத் தல சுத்துது. சொல்றதா இருந்தா உக்காந்து சொல்லுங்க. இல்லன்னா அடுத்த பஸ்ல ஏறிடுவேன், நாளைக்கு வேற ஸ்டாப்.”

உட்கார்ந்தான். ஊர் இருண்டது. பொறியாளர் கைபேசியில் கெஞ்சினார்: “மாப்ள, என் வேல போயிடும்டா.”

“சும்மா உக்கார்றது ஒண்ணுதான் உனக்கு ஒழுங்கா வரும்னு நீங்கதான மாமா சொல்வீங்க” என்று வைத்துவிட்டு, அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவள் பேருந்துகளைப் போகவிட்டாள். மறுநாளும் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு மின்சிக்கனத்துக்கான முதல் பரிசைப் பொறியாளர் மாலையும் கழுத்துமாக வாங்கிக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. தெரு இருண்டால் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று டார்ச்சை எடுத்துக்கொள்கிறார்கள். விளக்குகள் பட்டப்பகல்போல் எரிந்தால் சண்டை. அவன் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறான். தெருவில் இறகுப்பந்து ஆடும் வங்கிக்காரர்கள் சிலசமயம் இருட்டில் சன்னலடிக்கு வந்து, “அக்கா, கடைசி ஆட்டம்...” என்று தலையைச் சொறிவார்கள்.

அவள் கொஞ்சம் யோசித்து, உள்ளே திரும்பி, அவனுடைய அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள். விளக்குகள் எரியும்.