ஒரே பெயர்க்காரர்களின் மூச்சு

நகரத் தலைவருக்கு இடது கடைவாய்ப் பல்லில் வலி கண்ட காலையில், வரி அதிகாரிக்கும் சந்தைக் கண்காணிப்பாளருக்கும் நீதிபதிக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் அதே பல்லில் அதே வலி கண்டது. பல் மருத்துவர் வீட்டு வாசலில் அத்தனை பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தலைவரின் பல்லைப் பிடுங்கியதும் மற்றவர்களுக்கு வலி நின்றது. அவர்களுடைய பல் அவர்களுடைய வாயிலேயே இருந்தது. மருத்துவர் ஒரு பல்லுக்கான கூலிதான் வாங்கினார். அது நியாயம்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று. அந்த ஊரில் அது மலிந்த பெயர். தெருவில் நின்று உரக்கக் கூப்பிட்டால் மீன் விற்பவளும் திரும்புவாள், தபால்காரரும் திரும்புவார், கூப்பிட்டவரின் மாமனாரும் திரும்புவார். மீன் விற்பவளுக்குப் பல் வலிக்கவில்லை. பெயரும் இருந்து பதவியும் இருந்தவர்களுக்குத்தான் வலித்தது. அந்த ஊரிலோ பதவி என்பது சாவி. பிரமாணம் எடுப்பதும் மாலை போடுவதும் ஒப்புக்கு நடக்கும். பழையவர் கையிலிருந்து அலுவலக அறையின் சாவி புதியவர் கைக்குப் போய், வாங்கியவரின் விரல்கள் மூடினால்தான் பதவி மாறியதாக அர்த்தம். வேறு பெயர்க்காரர்களும் தேர்தலில் நிற்காமல் இல்லை. கெட்டிக்காரரான ஒரு பள்ளி ஆசிரியர் அமோகமாக வென்று, காலையிலிருந்து சாயங்காலம் வரை சாவியைத் திருப்பிப் பார்த்து, மணிக்கட்டு வீங்கி வீட்டுக்குப் போனார். தலைமுறை தலைமுறையாய் ஒரே பெயர்க்காரர்களுக்குத் திறந்து திறந்து, பூட்டுகள் அந்தக் கைகளுக்கே பழகிவிட்டிருந்தன. தோற்றவர் வந்தார், ஒரே திருப்பில் திறந்தார். "பூட்டே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன" என்று ஜனங்கள் கலைந்து போனார்கள்.

பல் வலிக்குப் பின் வந்த வருடங்களில் ஒருநாள் தலைவர் படிக்கட்டில் தடுக்கி விழுந்தார். எதிர்க்கட்சித் தலைவர் அப்போது மேடையில் அவரைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். அவரும் கணுக்கால் பிசகி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே மிச்சத்தையும் கிழித்தார். ஒரு மாதம் பூராவும் அலுவலகங்களில் எல்லோரும் ஒரே காலை இழுத்து நடந்தார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பியூன், இதுதான் அரசாங்க நடை போலும் என்று தானும் இழுத்து நடந்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்புக் காலம் நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகப் பூட்டுகளைச் செய்ததும் பழுது பார்த்ததும் கடைத்தெருக் கோடியில் இருந்த ஒரு பட்டறை. அதை நடத்தியவளைப் பூட்டுக்காரம்மா என்பார்கள். கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது அதிகாரிகளின் அந்தக் குடும்பப் பெயரும் வந்தது, கணவர் இறந்தபோது அந்தப் பட்டறையும் வந்தது. சாவியின் பற்கள் தேய்ந்தால் அதிகாரிகள் அவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் அரத்தால் ராவி முடிக்கும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த வலியும் விட்டுப்போகிறது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. தேயாத சாவியைக்கூடச் சிலர் கொண்டுவருவார்கள்.

"உங்க டீயில என்னமோ இருக்கும்மா" என்பார் நீதிபதி, காலை நீட்டிப் பார்த்தபடி.

"சர்க்கரைதான் இருக்கு. அதையும் உங்களுக்குப் போடக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க" என்பாள் அவள். சொல்லிக்கொண்டே தன் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். ராவும்போது அவளுக்குக் கால் வலிக்கும். வயசாகிறது, நின்றே வேலை செய்கிறோம் என்று விட்டுவிடுவாள்.

அவளுக்கு ஒரே மகள். படித்தவள், பிடிவாதக்காரி. குடிநீர் அதிகாரியாக இருந்தவர் ஓய்வு பெற்றபோது அந்தச் சாவியை மகள் வாங்கினாள். அன்று பூட்டுக்காரம்மா பட்டறையை மூடிவிட்டு, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போய், மகள் குடிநீர் அலுவலகக் கதவைத் திறப்பதை வாசலில் நின்று பார்த்தாள். தான் எண்ணெய் போட்ட பூட்டு சத்தமில்லாமல் திறந்ததில் அவளுக்கு இரட்டைப் பெருமை. மகளுக்கு அடுத்த வாரமே தலைவரின் ஜலதோஷம் வந்தது. "பதவியோட அதுவும் சேர்த்திதானேம்மா" என்று மூக்கைச் சிந்தினாள்.

தலைவரின் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்த நாள் வந்தது. மற்றவர்களுக்கு வலிக்காமல் இருக்க அவர்களுக்கும் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் யோசித்து, தலைவருக்குக் கொடுத்தால் போதும், எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று முடிவு செய்தார்கள். போய்ச் சேரவும் செய்தது. அதிகாரிகள் அவரவர் மேஜையில் தலை கவிழ்த்துத் தூங்கினார்கள். முன்பகலில் தலைவரின் இதயம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அரசாங்கக் கட்டடங்களிலிருந்து நாற்காலிகள் சாயும் சத்தம் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, எல்லாம் ஒரே சமயத்தில். பூட்டுக்காரம்மா கையில் அரத்தோடு ஓடினாள். மகள் தரையில் கிடந்தாள், உதடு நீலம் பாரித்து, கண் பாதி திறந்து. மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பட்டறையில் இத்தனை வருடம் பூட்டுக்குள் காதை வைத்துக் கேட்டவள் அவள். அப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை. டாக்டர்கள் தலைவரின் இதயத்தைத் திரும்ப ஓட வைத்ததும் மகளின் நெஞ்சும் ஓடியது; சாயங்காலம் அவருக்கு மயக்கம் தெளிந்தபோது அவளும் இருமிக்கொண்டு எழுந்தாள், நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள்.

"என்னம்மா, அரத்தோட வந்து நிக்கிற?" என்றாள்.

அன்றோடு சிரிப்பு நின்றது. தலைவருக்கு வயது நிறைய. இன்னொரு முறை நின்றால் ஓடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் பயத்தில் விழுந்தது. அந்தப் பயம் மெல்லக் கைகளுக்கு வந்தது. அதிகாரிகள் சாவியைத் தொலைக்கப் பார்த்தார்கள். வரி அதிகாரி ஆற்றில் எறிந்தார். எறிந்த பிறகும் தலைவரோடு சேர்ந்து இருமினார், சாயங்காலம் கோட்டுப் பையில் கை விட்டால் ஈரச் சாவி. கையிலிருந்து கைக்குப் போனால்தான் போகும். ஆனால் யார் கை நீட்டுவார்கள்? பதவிக்காக அண்ணனும் தம்பியும் பேசாமல் போன ஊரில், அந்தப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார்கள். கை குலுக்குவது நின்றுபோனது. சந்தைக் கண்காணிப்பாளர் காசுக்கு நடுவில் சாவியை வைத்து மீன் விற்பவளிடம் நீட்ட, அவள் "ஐயோ கொல்றானே!" என்று கூடையோடு கவிழ்த்துவிட்டு ஓடினாள். அதன்பின் கடைகளில் காசைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். எதிர்க்கட்சித் தலைவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைவருக்குப் பழச்சாறு ஊட்டினார். துப்பினால் துடைத்தும் விட்டார். "நீங்க நூறு வயசு இருக்கணும் தலைவரே" என்று அவர் சொன்னதைப் போல மனசார எந்த அரசியல்வாதியும் எதையும் சொன்னதில்லை.

பூட்டுக்காரம்மாவுக்கு அப்போதுதான் தன் கணுக்கால் நினைவுக்கு வந்தது. கணுக்கால், அதற்கு முன் பல், இடையில் ஒரு முதுகுப் பிடிப்பு. எல்லாம் ராவும்போது வந்தவை, சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் போனவை. அதிகாரிகளின் வலியைப் போக்கியது டீ இல்லை, பெஞ்சும் இல்லை. கையில் சாவி இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவளே வரி அதிகாரியாக, அவளே நீதிபதியாக இருந்திருக்கிறாள். அவள் கடைக் கதவைச் சாத்திவிட்டு நேரே மகள் வீட்டுக்குப் போனாள்.

"சாவியைக் குடு."

மகள் ஓர் அடி பின்னால் போனாள். சாவி அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. "நீ இதுக்குத்தான் வருவேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுதில்ல, குடு."

"ஊர்ல எல்லாரும் அடுத்தவங்க தலையில கட்டப் பாக்குறாங்க. நான் பெத்தவ தலையில கட்டணுமா? அப்புறம் நான் சோறு திங்கணும், தூங்கணும், இல்ல?"

"நான் வாழ்ந்தாச்சுடி."

"வாழ்ந்தா வாழ்ந்துக்கிட்டே இரு. யார் வேணாம்னா?"

அன்றிலிருந்து மகள் தாயைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தாள். எல்லோரும் சாவி வாங்கப் பயந்த ஊரில், அவள் ஒருத்தி மட்டும் சாவி போய்விடுமோ என்று பயந்தாள். பூட்டுக்காரம்மா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். எதுவும் பலிக்கவில்லை. பிறகு ஒரு காலை, குடிநீர் அலுவலகம் திறக்குமுன் போய், பூட்டுத் துவாரத்தில் ஒரு சிட்டிகை இரும்புத் தூளை ஊதிவிட்டு வந்தாள். தன் தொழிலுக்கு அவள் செய்த ஒரே துரோகம் அது. தண்ணீர் திறந்துவிடும் சக்கரங்கள் அந்த அறைக்குள்தான் இருந்தன. ஊரெல்லாம் குழாயடியில் காலிப் பாத்திரத்தோடு நிற்க, மகள் வேறு வழியில்லாமல் பட்டறைக்கு வந்தாள்.

"பல்லு தேஞ்சிருக்கு" என்றாள் தாய், பார்க்காமலே. "கொண்டா, ராவித் தர்றேன்."

"ராவு. ஆனா நான்தான் புடிச்சுக்குவேன்."

"ஒருத்தி புடிக்க, ஒருத்தி ராவவா? கை போயிடும்."

"போனா என் கைதானே?"

அப்படியே நடந்தது. மகள் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, சாவியின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாய் அரத்தை எடுத்தாள். இருவருடைய விரல்களுக்கும் இடையில் ஓர் அரிசி அளவு இரும்புதான் இருந்தது. தாய் விரல் ஓர் இழை முன்னே வந்தால் மகள் கை ஓர் இழை பின்னே போகும். பெஞ்சில் யாரும் இல்லை. ராவ ஒன்றும் இல்லாத சாவியை அவள் ராவிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தலைவரின் மூச்சு நின்றது அப்போதுதான். தூரத்தில் நாற்காலிகள் சாயும் சத்தம் கேட்டது. மகளின் முழங்கால் மடிந்தது. விரல்கள் தளர்ந்தன. சாவி தாயின் உள்ளங்கையில் இருந்தது, அவள் மூடிக்கொண்டாள். மகள் கொடுத்தாளா, கைதவறி விழுந்ததா என்று ஊரில் இன்றும் வாக்குவாதம் உண்டு. மூடிய விரல் மூடியதுதான் என்பது பூட்டுக்காரம்மாவின் கட்சி.

மகள் தரையில் விழுந்து, காற்றை வாய் நிறைய இழுத்தாள். தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குள் முதலில் வந்தது வலி இல்லை, பயம். அது அவளுடையது இல்லை. மெத்தையில் கிடக்கும் ஒரு கிழவருடையது, மேஜைக்கடியில் கிடக்கும் நீதிபதியுடையது, கையில் பழச்சாற்றோடு சரிந்த எதிர்க்கட்சிக்காரருடையது. குளிர்ந்த தண்ணீர் போல அது முழங்காலுக்கும் இடுப்புக்கும் கழுத்துக்கும் ஏறியது. திறக்காத பூட்டோடு மல்லுக்கட்டும்போது அவளுக்கு ஒரு வழக்கம்: அவசரப்படாமல், மூக்கால் மெல்ல இழுத்து, நிறுத்தி, பூட்டு தானாக இளகும்வரை காத்திருந்து, பிறகு விடுவது. பழக்க தோஷத்தில் அவள் அப்படி ஒரு மூச்சை இழுத்தாள். மற்றவர்கள் யாரும் அதுவரை எதிர்ப்பக்கம், தங்களிடமிருந்து தலைவருக்கு என்று, இழுத்துப் பார்த்ததில்லை. தலைவருக்கு வந்தது நமக்கும் வரும் என்று வாங்கிக்கொண்டே பழகியவர்கள். நீதிமன்றத்தில் நீதிபதியின் நெஞ்சு ஏறியது. வரி அலுவலகத்தில் ஏறியது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடப்போன நர்ஸ், துணி மெல்ல உப்பி எழுவதைப் பார்த்து, அதை மடித்துத் திரும்ப வைத்தாள்.

அவள் விட்டாள். எல்லோரும் விட்டார்கள்.

தலைவர் சாகவில்லை. இன்றுவரை சாகவில்லை. மெலிந்து மெலிந்து, இப்போது படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு போலத்தான் தெரிகிறார். இரண்டு தேர்தல்களில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவராக மூச்சு விடுவதில்லை. பூட்டுக்காரம்மா விடுகிறாள், அவளுடன் பதவியில் இருக்கும் எல்லோரும் விடுகிறார்கள். வரி கட்ட வருபவர்கள், கவுன்ட்டரில் அதிகாரி கண்ணை மூடி மூச்சை நிறுத்தும்போது தாங்களும் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது அவசரப்பட்டால், "விட்டுட்டு வருவார், நில்லுங்க சார்" என்று பின்னால் நிற்பவர்கள் சொல்வார்கள்.

பூட்டுக்காரம்மா குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து தண்ணீர் திறந்துவிடுகிறாள். அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போவதால், படியில் இறங்க நீதிபதி ஒரு கையையும் எதிர்க்கட்சித் தலைவர் ஒரு கையையும் பிடித்துக்கொள்கிறார்கள். அவள் தும்மினால் கட்டடங்களின் ஜன்னல்களை எல்லாம் சாத்துகிறார்கள். தூங்கும்போதும் அவள் விரல்கள் மூடியே இருக்கின்றன. அந்தக் கையைத் திறந்து பார்க்க, பெற்ற மகளைத் தவிர யாருக்கும் ஆசை இல்லை.

மகள் பட்டறையை நடத்துகிறாள். சாயங்காலம் கடை சாத்தியதும் குடிநீர் அலுவலகத்துக்கு வந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளங்கையை நீட்டுவாள்.

"குடும்மா."

தாய் மூச்சை இழுத்து, நிறுத்தி, மெல்ல விட்டு முடிப்பாள். ஊர் முழுக்க அதுவரை காத்திருக்கும்.

"நாளைக்குப் பாக்கலாம். நீ சாப்பிட்டியா?"